பத்தடி அறைக்கு எத்தனை இஞ்ச் டிவி? (ஆன்டாப் ஹில், 25 ஆயிரத்துக்குள்)

ஆன்டாப் ஹில் தம்பி | வெள்ளி இரவு

எல்லோருக்கும் வணக்கம். மும்பை ஆன்டாப் ஹில்லில் எஸ்ஆர்ஏ (குடிசை மாற்றுத் திட்டம்) கட்டடத்தில் 225 சதுர அடி வீடு. ஹால், படுக்கையறை, பூஜையறை எல்லாம் ஒன்றேதான், பத்துக்குப் பன்னிரண்டு அடி. கிழக்கே ஜன்னல், மேற்கே வாசல். வடக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் மோரி (குளிக்க, கழுவ உள்ள இடம்), இந்தப் பக்கம் வடமேற்கு மூலையில் ஓட்டா (சமையல் மேடை). தெற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீடு. இப்போது 24 இஞ்ச் டிவி ஒன்று வடக்குச் சுவரில், ஃபிரிட்ஜுக்கு மேலே மாட்டியிருக்கிறது. எதிரே தெற்குச் சுவரை ஒட்டிக் கட்டில்.

அம்மாவுக்கு 63 வயது. செய்திச் சேனலில் கீழே ஓடும் எழுத்து தெரியவில்லை என்று ஒரு வருஷமாகச் சொல்கிறார். கண்ணாடியும் மாற்றியாகிவிட்டது. "பழைய டப்பா டிவியில் நல்லாத் தெரிஞ்சுதே" என்பதுதான் அவர் வாதம். அது 21 இஞ்ச், இது 24 இஞ்ச், எப்படியம்மா என்று நானும் சண்டை போட்டுப் பார்த்துவிட்டேன்.

25 ஆயிரம் வரை செலவழிக்கலாம். 32 போதுமா? 43 வாங்கினால் தியேட்டரில் முதல் வரிசையில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடுமா? எந்த கம்பெனி?

டோம்பிவிலி ஃபாஸ்ட் | வெள்ளி இரவு

55 எடு தம்பி. வாங்கிய மறுநாள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: இன்னும் பெரிதாக எடுத்திருக்கலாம்.

மாட்டுங்கா மாமா | வெள்ளி இரவு

பத்தடி அறையில் 55 இஞ்சா? டிவி ஹாலில் இருக்குமா, இல்லை ஹால் டிவிக்குள் இருக்குமா? 32 தாராளம். எங்கள் வீட்டில் பத்து வருஷமாக அதுதான்.

90 அடி ரோடு | சனி காலை

தம்பி, முதலில் அம்மாவிடம் மன்னிப்புக் கேளுங்கள். அவர் சொன்னது சரி.

இஞ்ச் என்பது மூலைக்கு மூலை அளவு. பழைய டப்பா 4:3, அதாவது கிட்டத்தட்டச் சதுரம். 21 இஞ்ச் டப்பாவில் படத்தின் உயரம் சுமார் 12 இஞ்ச் வரும். இப்போதைய டிவி 16:9, பக்கவாட்டில் இழுத்தது. 24 இஞ்சில் படத்தின் உயரம் 11.8 இஞ்ச்தான். காசு கொடுத்து எழுத்தைச் சின்னதாக்கியிருக்கிறீர்கள். டப்பா மேஜைமேல் கண்ணுக்கு நேரே இருந்தது, இது ஃபிரிட்ஜுக்கு மேலே போய்விட்டது என்பது தனிக்கதை.

ஒரே சேனலில் எழுத்தின் அளவு படத்தின் உயரத்தோடு போகும். 32 இஞ்சில் உயரம் 15.7, 43 இஞ்சில் 21, 55 இஞ்சில் 27. அதாவது 43 எடுத்தால் இப்போது அம்மா பார்க்கும் எழுத்து ஏறக்குறைய 1.8 மடங்கு ஆகும். 32 என்றால் 1.3 மடங்குதான். ஒரு வருஷம் முனகியவருக்கு அது போதாது என்பது என் எண்ணம்.

இன்னும் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். செட்டாப் பாக்ஸிலிருந்து டிவிக்கு எந்த வயர் போகிறது?

ஆன்டாப் ஹில் தம்பி | சனி காலை

மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்று வயர். ஏன்?

90 அடி ரோடு | சனி காலை

நினைத்தேன். அந்த மஞ்சள் வயரில் பழைய தரத்துப் படம் மட்டும்தான் வரும், 576 வரி. அதிலேயே எழுத்தின் ஓரம் கசங்கிவிடும். 4கே டிவி வாங்கி அந்த வயரைச் சொருகினால் கசங்கிய எழுத்தைப் பெரிதாகப் பார்க்கலாம், அவ்வளவுதான். கேபிள்காரரிடம் எச்டி பாக்ஸ் கேளுங்கள், எச்டிஎம்ஐ வயர் போடுங்கள், பாக்ஸின் செட்டிங்கில் வெளியீட்டை 1080க்கு மாற்றுங்கள். எல்லாச் சேனலையும் எச்டியில் வாங்க வேண்டாம். 2019இல் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதி வந்த பிறகு சேனல் சேனலாக எடுக்கலாம், அம்மா பார்க்கும் இரண்டு மூன்றுக்கு மட்டும் எச்டி இருந்தால் எடுத்தால் போதும். இங்கே மும்பையில் கண்ணை மூடிக்கொண்டு பேக் எடுத்தால் நாற்பது மராத்தி, இந்திச் சேனலும் இரண்டு தமிழ்ச் சேனலும் வரும், கவனம்.

செம்பூர் அக்கா | சனி மதியம்

எல்லோரும் இஞ்ச் பற்றியே பேசுகிறீர்கள். அந்த அம்மா எங்கே உட்கார்ந்து பார்க்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லையே! கட்டிலிலா, தரையிலா, ஓட்டாவில் நின்றுகொண்டா?

ஆன்டாப் ஹில் தம்பி | சனி மதியம்

அக்கா, சாயங்காலம் சமைத்துக்கொண்டே ஓட்டாவிலிருந்து பார்ப்பார். எட்டு மணிக்கு மேல் தரையில் பாய் போட்டு, கட்டிலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு. கட்டிலில் உட்காருவது நானும் அப்பாவும்.

செம்பூர் அக்கா | சனி மதியம்

அப்படியானால் கடைக்குப் போகும் முன் ஒரு டேப் எடுத்துக்கொண்டு அம்மாவை அவர் இடத்தில் உட்காரச் சொல்லுங்கள். இரண்டு அளவு வேண்டும். தரையிலிருந்து அவர் கண் எவ்வளவு உயரம், கண்ணிலிருந்து டிவிச் சுவர் எவ்வளவு தூரம். அறையின் அளவை வைத்து டிவி வாங்குவது கல்யாண மண்டபத்தின் அளவைப் பார்த்துச் சட்டை தைப்பது மாதிரி.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மாட்ட வந்த பையன் எங்களைக் கேட்கவே இல்லை, தான் நிற்கும் உயரத்துக்குத் துளை போட்டுவிட்டான். தரையிலிருந்து ஐந்தரை அடி. டீக்கடையில் கிரிக்கெட் பார்க்கிற உயரம்! மூன்று மாதம் கழுத்து வலிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, வேறு ஆளை வைத்து இறக்கினோம். பழைய துளைகள் மேலே இன்னும் இருக்கின்றன, காலண்டர் போட்டு மறைத்திருக்கிறேன்.

ஆன்டாப் ஹில் தம்பி | சனி இரவு

அளந்தேன். அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. தரையில் உட்கார்ந்தால் கண் 2 அடி 6 இஞ்ச் உயரத்தில். டிவிச் சுவர் வரை ஐந்தே முக்கால் அடி. கட்டிலில் உட்கார்ந்தால் என் கண் 3 அடி 8 இஞ்ச், தூரம் எட்டரை அடி.

90 அடி ரோடு | சனி இரவு

ஐந்தே முக்கால் அடி என்றால் 69 இஞ்ச். திரையின் மூலைவிட்டத்தைப் போல் 1.6 மடங்கு தூரம் என்பது வீட்டுக்குச் சொல்லப்படும் பழைய கணக்கு, அந்தத் தூரத்தில் திரை பார்வையில் 30 டிகிரி அடைக்கும். 69ஐ 1.6ஆல் வகுத்துப் பாருங்கள். 43.

தியேட்டர் மாதிரி வேண்டும் என்பவர்கள் 1.2 மடங்கு வரை நெருங்குவார்கள், அது 40 டிகிரி. அந்தக் கணக்கில் டோம்பிவிலிக்காரர் சொன்ன 55 கூடத் தப்பில்லை. ஆனால் அது நல்ல 4கே படத்துக்கு. கேபிளில் வரும் சாதாரணச் சேனலை ஆறடியில் 55 இஞ்சில் பார்த்தால் முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும்.

டோம்பிவிலி ஃபாஸ்ட் | சனி இரவு

சரி, சரி. கேபிள் என்பதால் விட்டுக்கொடுக்கிறேன்.

மாட்டுங்கா மாமா | ஞாயிறு காலை

நான் விட்டுக்கொடுக்கவில்லை. 32க்கு மேல் போனால் வரியும் அதிகம், அதையும் யோசி தம்பி.

90 அடி ரோடு | ஞாயிறு காலை

மாமா, அது பழைய கதை. 32க்கு மேல் 28 சதவீதம், அதற்குக் கீழ் 18 என்று இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா அளவுக்கும் 18தான். முன்பு 25 ஆயிரத்துக்கு விற்ற 43 இஞ்ச், வரிக் குறைப்பை முழுசாகக் கொடுத்தால் 23 ஆயிரம் சொச்சத்துக்கு வர வேண்டும்.

வயரிங் அண்ணாச்சி | ஞாயிறு மதியம்

இப்பத்தான் பார்த்தேன். முப்பது வருஷமாக சயான், தாராவி, வடாலா பக்கம் வயரிங் வேலை. டிவி எந்த அளவானாலும் சரி, அந்த வடக்குச் சுவரில் மட்டும் மாட்டாதீர்கள்.

அது மோரிச் சுவர். உள்ளே தண்ணீர்க் குழாய் ஓடுகிறது. குழாய் எங்கே போகிறது என்று யாரிடமும் படம் இருக்காது. பொதுவாகத் தண்ணீர் திறக்கும் இடத்திலிருந்து நேர் மேலேயோ நேர் கீழேயோ போகும், ஆனால் சில பிளம்பர்கள் குறுக்கே கோலம் போட்டிருப்பார்கள். டிரில் போட்டுக் குழாயில் ஓட்டை விழுந்து, கீழ் வீட்டுக்காரர் படியேறி வந்த கதையெல்லாம் நான் பார்த்தது. குழாயில் படாவிட்டாலும் ஈரம். மழைக்காலம் நாலு மாதமும் அந்தச் சுவர் பூத்துப்போய் இருக்கும். கையை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருக்கிறதா? டிவியின் முதுகில் காற்றுப் போகும் சல்லடைத் துளை முழுக்க அந்தப் பக்கம்தான். உள்ளே பச்சைப் பிடித்த போர்டுகளைக் கழற்றியிருக்கிறேன்.

தெற்குச் சுவருக்கு மாற்றுங்கள். கட்டில் வடக்கே போகட்டும். ஜன்னல் கிழக்கே இருப்பதால் எந்தப் பக்கம் வைத்தாலும் வெளிச்சம் பக்கவாட்டில்தான் வரும், நேர் எதிரே விழுந்து கண்ணாடி மாதிரி மின்னாது. அந்த விஷயத்தில் உங்களுக்கு யோகம்.

செம்பூர் அக்கா | ஞாயிறு மதியம்

அண்ணாச்சி சொல்வதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஓட்டா வடமேற்கு மூலையில். இப்போது டிவியும் அதே வடக்குச் சுவரில் இருப்பதால் அம்மா சமைக்கும்போது அதைக் கிட்டத்தட்ட ஓரத்திலிருந்து பார்க்கிறார், படம் ஒரு கோடாகத்தான் தெரியும். தெற்கே போனால் தலையைத் திருப்பினாலே போதும், முக்கால் முகம் தெரியும்.

ஆன்டாப் ஹில் தம்பி | ஞாயிறு இரவு

இதை யோசிக்கவே இல்லை. ஆனால் அம்மா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். கட்டில் வடக்குச் சுவருக்குப் போனால் வடக்கே தலை வைத்துப் படுக்க வேண்டி வருமே என்று.

மாட்டுங்கா மாமா | ஞாயிறு இரவு

நியாயமான கேள்வி!

செம்பூர் அக்கா | ஞாயிறு இரவு

கட்டில் சுவரை ஒட்டி நீளவாக்கில்தானே கிடக்கும்? தலை கிழக்கே, கால் மேற்கே. ஜன்னல் காற்றும் தலைமாட்டில். அம்மாவிடம் சொல்லுங்கள்.

வயரிங் அண்ணாச்சி | திங்கள் காலை

சுவர் முடிவானால் அடுத்தது, அந்தச் சுவர் எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். டிவியோடு வரும் பிளாஸ்டிக் பிளக் செங்கலுக்கும் கான்கிரீட்டுக்கும் ஆனது. எஸ்ஆர்ஏ கட்டடங்களில் வீட்டுக்கு வீடு நடுவே பல இடத்தில் சிபோரெக்ஸ் கல்தான், அதாவது உள்ளே காற்றுத் துளை நிறைந்த லேசான சிமெண்ட் கல். டிவி மறைக்கிற இடத்தில் ஒரு சின்னத் துளை போட்டுத் தூளைப் பாருங்கள். சிவப்பு என்றால் செங்கல். கடினமாக, டிரில் முனகி முனகிப் போனால் கான்கிரீட். வெள்ளையாக, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கினால் சிபோரெக்ஸ். அதில் சின்ன பிளக் போட்டால் இன்று நிற்கும், ஒரு நாள் சுவரையும் சேர்த்துக்கொண்டு வரும். அந்தக் கல்லுக்கென்றே நீளமான நைலான் பிளக் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், சிபோரெக்ஸ் என்று சொல்லியே கேட்கலாம். டிரில்லில் இடித்துத் துளைக்கும் ஹாமர் மோடை அணைத்துவிட்டுத் துளையுங்கள், இல்லாவிட்டால் ஓட்டை பெரிசாகிவிடும்.

43 இஞ்ச் இப்போது பத்துக் கிலோகூட வராது. அசையாத பிளேட்டில் மாட்டினால் அந்தச் சுவர் தாங்கும். ஆனால் இழுத்துத் திருப்புகிற கை வைத்த ஸ்டாண்டு வேண்டாம். வெளியே இழுக்கும்போது அது நெம்புகோல், மேல் ஸ்க்ரூவைப் பிடுங்கப் பார்க்கும்.

கரண்ட் விஷயம். ஸ்டெபிலைசர் தேவையில்லை, இப்போதைய டிவி 100 முதல் 240 வோல்ட் வரை தானே சமாளிக்கும். ஆனால் கட்டடத்தில் நியூட்ரல் வயர் அறுந்தால் 400 வோல்ட் பக்கம் ஏறலாம், அதைச் சமாளிக்காது. எங்கள் சால் (வரிசை வீட்டுக் குடியிருப்பு) கட்டடத்தில் ஒரு மழைநாளில் ஒரே வரிசையில் ஏழு டிவி போயிற்று. அதிக வோல்ட் வந்தால் தானே துண்டிக்கிற கருவி ஒன்றைப் போர்டில் போட்டுக்கொள்ளுங்கள். டிவி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் சேர்த்து அதுவே போதும்.

90 அடி ரோடு | திங்கள் மதியம்

உயரம் பற்றி யாரும் முடிவு சொல்லவில்லை. அம்மாவின் கண் இரண்டரை அடி, உங்கள் கண் மூன்றே முக்கால் அடிக்குப் பக்கம். திரையின் நடு 3 அடி 2 இஞ்சில் இருக்கட்டும். படத்தின் கீழ் விளிம்பு 2 அடி 3 இஞ்ச் பக்கம் வரும், அம்மா படிக்கும் எழுத்து அங்கேதானே ஓடுகிறது! அவர் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே. கீழே ஒரு டிரங்குப் பெட்டி வைக்கவும் இடம் கிடைக்கும்.

பேனல், அதாவது படம் தெரியும் திரை, பற்றி ஒரு வார்த்தை. விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு வகை. விஏவில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், நேரே உட்கார்ந்தால் அழகு. பக்கத்திலிருந்து பார்த்தால் வெளுத்துப்போகும். ஐபிஎஸ்ஸில் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகத் தெரியும், ஆனால் ஓட்டாவிலிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது. உங்கள் வீட்டுக்கு நான் ஐபிஎஸ்தான் சொல்வேன். கம்பெனி பெயர் கேட்டீர்கள், நான் சொல்ல மாட்டேன். ஒரே மாடலிலேயே ஒரு பெட்டியில் விஏ, இன்னொன்றில் ஐபிஎஸ் வந்து பார்த்திருக்கிறேன். கடைக்குப் போய்ப் பக்கவாட்டில் நின்று பாருங்கள்.

அட்டையில் கியூஎல்இடி என்று போட்டிருந்தால், பின்விளக்கு இல்லாமல் தானே ஒளிரும் ஓஎல்இடி என்று நினைத்து மயங்காதீர்கள். அதுவும் பின்னால் விளக்கு எரியும் எல்சிடிதான், நிறத்துக்கு ஒரு படலம் கூடுதல். ரேம் 2 ஜிபி இல்லாத ஸ்மார்ட் டிவி ஆறு மாதத்தில் மாட்டுவண்டி ஆகிவிடும்.

டோம்பிவிலி ஃபாஸ்ட் | திங்கள் இரவு

வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸில் போடு. 2.4இல் உங்கள் மாடியில் இருக்கிற முப்பது வீட்டு ரூட்டரும் அடித்துக்கொள்ளும். ஒரே அறைதானே, தூரம் ஒரு பிரச்சினையே இல்லை.

ஆன்டாப் ஹில் தம்பி | வியாழன் இரவு

நேற்று லேமிங்டன் ரோடு போய் வந்தேன். எல்லா டிவியிலும் கிளியும் பழமும் ஓடிக்கொண்டிருந்தன, எல்லாமே அழகாகத்தான் தெரிந்தன. செய்திச் சேனல் போடச் சொன்னதும் பாதி டிவியின் வேஷம் கலைந்தது. இரண்டு கடையில் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஒரு கடைப் பையன் மயக்கமா என்று கேட்டுத் தண்ணீர் கொண்டு வந்தான்.

43 இஞ்ச் 4கே, ஐபிஎஸ், 2 ஜிபி, ஒரு வருஷ வாரண்டி. 24,200. ஸ்டார் லேபிளும் பார்த்தேன். ஞாயிறு வருகிறது.

செம்பூர் அக்கா | வியாழன் இரவு

கொண்டு வருபவர் போகும் முன் பெட்டியைப் பிரித்து, ஓடவிட்டுப் பாருங்கள். வெள்ளைத் திரை ஒரு நிமிஷம், கறுப்புத் திரை ஒரு நிமிஷம். கீறல், புள்ளி இருந்தால் அப்போதே சொல்லிவிட வேண்டும். துளை போடும் இடத்தைப் பென்சிலால் நீங்களே குறித்து வைத்துவிடுங்கள், வருகிறவர் இஷ்டத்துக்கு விடாதீர்கள்.

ஆன்டாப் ஹில் தம்பி | ஞாயிறு இரவு

மாட்டியாகிவிட்டது. தூள் வெள்ளையாகத்தான் வந்தது அண்ணாச்சி. நைலான் பிளக் நான் முன்பே வாங்கி வைத்திருந்தேன், வந்தவர் அதைப் பார்த்து "நீங்கள் எலக்ட்ரீஷியனா?" என்றார். என் பென்சில் குறியைப் பார்த்ததும் "இவ்வளவு கீழேயா, யாரும் இப்படி மாட்ட மாட்டார்கள்" என்று மூன்று முறை சொன்னார். அம்மா தரையில் உட்கார்ந்து காட்டிய பிறகுதான் டிரில்லை எடுத்தார்.

இப்போது இரண்டு பிரச்சினை. முகமெல்லாம் மஞ்சள் பூசிய மாதிரி பளபளக்கிறது, சீரியலில் ஆட்கள் எண்ணெயில் வழுக்குவது மாதிரி நடக்கிறார்கள். இரண்டாவதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கீழே ஓடும் எழுத்தில் பாதி தெரியவில்லை. எழுத்தின் கீழ்ப்பாதி வெட்டுப்பட்டுத் திரைக்குக் கீழே போய்விடுகிறது. அம்மா என்னைப் பார்க்கிறார்.

மாட்டுங்கா மாமா | ஞாயிறு இரவு

32 வாங்கியிருந்தால்...

90 அடி ரோடு | ஞாயிறு இரவு

மாமா, சும்மா இருங்கள். தம்பி, பயப்பட வேண்டாம். கடைக்காக வைத்த பளபளப்பு மோடில் இருக்கிறது. பிக்சர் மோடை சினிமாவுக்கு மாற்றுங்கள், ஷார்ப்னஸைப் பத்துக்குக் கீழே இறக்குங்கள். வழுக்குவதற்குக் காரணம், இல்லாத ஃபிரேமை டிவி தானாக நடுவே செருகுகிறது. மோஷன் என்று ஆரம்பிக்கும் எதுவாக இருந்தாலும் அணையுங்கள். முதல் நாள் மங்கலாகத் தோன்றும், இரண்டு நாளில் கண் பழகிவிடும்.

எழுத்து வெட்டுப்படுவது டப்பா டிவி காலத்து மிச்சம். அப்போது படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி அதன் ஓரத்தை விளிம்புக்கு வெளியே தள்ளுவார்கள். இன்னும் பல டிவி அதையே செய்கிறது. பிக்சர் சைஸ் அல்லது ஆஸ்பெக்ட் என்ற இடத்தில் 16:9க்குப் பதிலாக ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட், ஒரிஜினல் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதைப் போடுங்கள். பல டிவியில் எச்டிஎம்ஐ ஒன்று என்ற சொருகுமிடத்துக்குப் போட்டது இரண்டுக்கு வராது, பாக்ஸ் சொருகிய இடத்தின் படம் ஓடும்போதே மாற்றுங்கள்.

ஆன்டாப் ஹில் தம்பி | ஞாயிறு, 11 மணி

ஒரிஜினல் என்று இருந்தது. போட்டதும் முழு வரியும் வந்துவிட்டது. அம்மா ஓட்டாவில் பால் காய்ச்சிக்கொண்டே உரக்கப் படித்துக் காட்டினார், சென்னையில் தக்காளி விலையாம். அப்பாவுக்கு அது தேவையே இல்லை, தூங்க விடு என்கிறார்.

வயரிங் அண்ணாச்சி | திங்கள் காலை

வடக்குச் சுவரின் பழைய துளைகளைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிடுங்கள் தம்பி, மழைக்கு முன்னால்.